பதினான்காவது கட்டத்தில் நின்ற ஜி

மருமகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். கலச்சுவாசப் பாடம் முடிந்த கையோடு ஒரு நாள் வந்து கேட்டாள்: "மாமா, இவ்வளவு நொதியம் ஏ.ரி.பி.யைப் பிடிக்குது. பிடிக்கிற இடம் எல்லாத்திலயும் ஒரே மாதிரியோ இருக்கும்?" ஏ.ரி.பி. என்பது கலம் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நான் யோசிக்காமல் "ஓம்" என்றேன். அந்த ஒரு ஓமை நிரூபிக்கப் போய் நாலு சனிக்கிழமை கரைந்தது. கடைசியில் நிரூபிக்கவும் இல்லை.

என்ன செய்தோம், எங்கே வழுக்கினோம் என்பதை எழுதி வைக்கிறேன். வேறு யாராவது பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பார்க்கலாம். எங்களிடம் இருந்தவை: பற்றரி செத்துப்போன ஒரு பழைய மடிக்கணினி, கைப்பேசி இணையம், கணிதத்துக்கு வாங்கும் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று, மஞ்சள் மார்க்கர். புரதங்களின் அமினோ அமில வரிசைகள் யூனிப்ரொட் தரவுத்தளத்தில் யாரும் காசில்லாமல் எடுக்கக் கிடக்கின்றன. இருபது அமினோ அமிலங்களுக்கும் ஆளுக்கோர் எழுத்து. ஜி என்றால் கிளைசீன், கே என்றால் லைசீன், பி என்றால் புரோலீன். ரி திரியோனீன், டி அஸ்பாட்டிக் அமிலம். தமிழ்நாட்டு நண்பர்கள் இந்த இரண்டையும் "டி" என்றுதான் எழுதுவார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதுகிற வேலைக்கு எங்கள் பக்கத்து வழக்கமே தோது.

முதல் சனிக்கிழமை வேண்டுமென்றே கணினியைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பலனில்லை, உவர்மலைப் பக்கம் மின்சாரம் நின்றிருந்தது. கச்சான் காற்று யன்னலால் வந்து தாள்களைக் கலைக்க, கொப்பியின் நான்கு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டு தொடங்கினோம். எடுத்தது அடினைலேற்று கைனேசு என்ற சின்ன நொதியம். ஒரு ஏ.ரி.பி.யையும் ஒரு ஏ.எம்.பி.யையும் சேர்த்து இரண்டு ஏ.டி.பி. ஆக்குவது இதன் வேலை. ஈ. கோலை பற்றீரியாவில் இதற்கு 214 எழுத்து. மனிதத் தசையில் இருக்கும் ஏ.கே. 1 வகைக்கு 194.

முன்னமே கைப்பேசியில் இறக்கி வைத்திருந்ததை அவள் வாசித்தாள், நான் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினேன். முதல் நிரையில் பற்றீரியா, அதன் கீழ் மனிதன், இரண்டும் இடது ஓரத்திலிருந்து. முதல் 36 கட்டங்களில் மேலும் கீழும் ஒத்த எழுத்து எத்தனை என்று எண்ணினோம். இரண்டே இரண்டு. அதில் ஒன்று முதல் எழுத்தான எம். புரதங்கள் எல்லாமே தொகுக்கப்படும்போது எம்மில்தான் தொடங்கும் என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வெட்கமாக இருந்தது.

"ரெண்டுக்கும் ஒரே வேலை எண்டு சொன்னீங்கள்?" என்றாள்.

நான் கொப்பியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் கண்டுபிடித்தாள். மேல் நிரையில் ஏழாம் கட்டத்தில் "ஜி ஏ பி ஜி ஏ ஜி கே ஜி ரி கியூ" என்று போகிறது. கீழ் நிரையில் பதினைந்தாம் கட்டத்தில் "ஜி ஜி பி ஜி எஸ் ஜி கே ஜி ரி கியூ". எட்டுக் கட்டம் வித்தியாசம். மனிதப் புரதத்துக்கு முன்னால் எட்டு எழுத்து கூட இருக்கிறது, அவ்வளவுதான். பற்றீரியாவை எட்டுக் கட்டம் வலப்பக்கம் தள்ளி மறுபடி எழுதினோம். அதே 36 எழுத்துகளில் இப்போது ஒத்தவை 19.

இரண்டிலிருந்து பத்தொன்பது. வரிசை ஒப்பீடு என்று பெரிய பெயர் வைத்துச் செய்வதெல்லாம் அடிப்படையில் இந்தத் தள்ளல்தான்: எங்கே இடைவெளி விட்டால் அதிகம் பொருந்தும் என்று தேடுவது. இதைத் தவறாமல் செய்யும் முறையை நீடில்மன், வுன்ஷ் என்ற இருவர் 1970இல் எழுதினார்கள். முழுப் புரதத்தையும் விட்டு, பொருந்தும் துண்டை மட்டும் தேடும் முறை சிமித், வாட்டர்மன் இருவருடையது, 1981. கட்டங்களுக்குப் புள்ளி போட புளோசம் 62 என்ற அட்டவணை இருக்கிறது, 1992இல் வந்தது. அதில் ஜி-க்கு ஜி வந்தால் 6, பி-க்கு பி 7, கே-க்கு கே 5, ஏ-க்கு எஸ் வந்தால் 1, ஏ-க்கு ஜி வந்தால் சுழி. எங்கள் பத்து எழுத்துத் துண்டுக்குக் கூட்டிப் பார்த்தோம்: 47. கூட்டல் அவளுடையது, இரண்டு தரம் சரி பார்த்தது நான்.

அப்போதுதான் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பேச்சில் வந்தன. "வெந்நீர்க் கிணத்தில இருக்கிற பற்றீரியாவுக்கு இந்த இடம் மாறி இருக்குமோ?" நல்ல கேள்வி. கன்னியாவின் ஏழு கிணறுகளில் வாழும் எதன் வரிசையும் எங்கள் கையில் இல்லை. ஆனால் 50 பாகை செல்சியசுக்கு மேலும் சுகமாக வளரும் ஜியோபசிலஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்ற பற்றீரியாவின் இதே நொதியம் தரவுத்தளத்தில் உண்டு, 217 எழுத்து. மூன்றாவது நிரையாக அதை எழுதினோம். ஈ. கோலையோடு 36க்கு 24 பொருத்தம், தள்ளவே தேவைப்படவில்லை. ஜி எல் பி ஜி ஏ ஜி கே ஜி ரி கியூ. சூடு தாங்கும் வித்தை வேறெங்கோ இருக்கிறது, இந்த இடத்தில் இல்லை.

மூன்று நிரையிலும் மேலிருந்து கீழாக ஒரே எழுத்து வரும் நிரல்களுக்கு மஞ்சள் அடித்தோம். 36இல் 16 மஞ்சள். அந்தப் பதினாறில் ஆறு ஜி. ஏன் இத்தனை ஜி என்று கேட்டால் பதில் எளிது. கிளைசீனுக்குப் பக்கச் சங்கிலி என்று ஒரேயொரு ஐதரசன்தான். இடுக்கான வளைவில் மற்ற அமிலங்கள் முட்டிக்கொள்ளும், கிளைசீன் நுழைந்துவிடும். இந்த இடத்தில் புரதம் ஏ.ரி.பி.யின் பொஸ்பேற்றுகளைச் சுற்றிச் சுருக்குப் போல வளைகிறது. கே-யின் நீண்ட கையின் நுனியில் நேர் ஏற்றம், பொஸ்பேற்றில் மறை ஏற்றம். பி-வளையம் என்று பெயர், இங்கே பி பொஸ்பேற்றைக் குறிக்கும், புரோலீனை அல்ல. 1982இல் ஜோன் வாக்கரும் சகாக்களும் ஏ.ரி.பி.யை உருவாக்கும் நொதியமான ஏ.ரி.பி. சிந்தேசின் வரிசைகளைத் தசைப் புரதமான மயோசின், அடினைலேற்று கைனேசு போன்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் இதை எடுத்துக் காட்டினார்கள். அதனால் வாக்கர் ஏ என்றும் சொல்வார்கள். அதே வாக்கர் 1997இல் ஏ.ரி.பி. சிந்தேசு ஆய்வுக்காக வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர்.

இரண்டாம் சனிக்கிழமை மின்சாரம் இருந்தது. புரோசைட் என்ற தொகுப்பில் பி-வளையத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு: முதலில் ஏ அல்லது ஜி, பிறகு எதுவானாலும் நான்கு எழுத்து, பிறகு ஜி, கே, முடிவில் எஸ் அல்லது ரி. பைதன் என்ற நிரல் மொழியில் ஒரே வரியில் இதைத் தேட முடியும். அவளையே தட்டச்சு செய்ய விட்டேன். ஏ.ரி.பி. சிந்தேசின் அல்ஃபா, பீற்றா இரண்டு துணையலகுகளிலும் பிடித்தது. ரெக்-ஏ என்ற டி.என்.ஏ. பழுதுபார்க்கும் புரதத்தில் பிடித்தது. ஆனால் நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க மஞ்சள் அடித்த அடினைலேற்று கைனேசில் ஒன்றுமே இல்லை என்றது.

குறியீட்டில் பிழை என்று நினைத்து அரை மணித்தியாலம் தேடினேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, வரி முடிவு, கோப்பின் தலைப்பு வரி, எல்லாம் சரி. பிறகு கொப்பியைத் திறந்தால் விடை அங்கே கிடக்கிறது. ஈ. கோலையில் பதினான்காவது கட்டம்: கே-க்கு அடுத்து எஸ்ஸோ ரி-யோ அல்ல, ஜி. ரி ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. மனிதனிலும் அப்படியே, வெந்நீர்க்காரனிலும் அப்படியே. வாக்கர் ஒப்பிட்ட புரதங்களில் ஒன்றையே வாய்பாடு தவற விடுகிறது. இது தெரிந்த விதிவிலக்குத்தான். ஆனாலும் கையால் எழுதியிராவிட்டால் கணினி சொன்னதை நம்பிவிட்டு நகர்ந்திருப்போம்.

"அப்ப கடைசி எழுத்துக்கு ஜி-யையும் சேர்ப்பம்" என்றாள். சேர்க்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. எல்லா எழுத்தும் சம அளவில் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பழைய வாய்பாடு தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு 40,000 இடத்துக்கு ஒன்று: இருபதில் இரண்டு, இருபதில் ஒன்று, இருபதில் ஒன்று, இருபதில் இரண்டு, நாலையும் பெருக்க வேண்டும். ஈ. கோலையின் நாலாயிரத்துச் சொச்சம் புரதங்களிலும் சேர்த்துச் சுமார் 13 இலட்சம் எழுத்து. அப்படியென்றால் முப்பதுக்கு மேற்பட்ட போலிப் பொருத்தங்கள் சும்மா விழும். ஜி-யையும் சேர்த்தால் அது ஐம்பதை எட்டும். உண்மையில் ஏ-யும் ஜி-யும் சராசரியை விட அதிகம் வருவதால் தொகை இன்னும் கூடும். ஏ.ரி.பி.யையே தொடாத புரதங்களும் அந்தப் பட்டியலில் வந்து உட்காரும்.

போலி தேடித் தொலைவுக்குப் போகத் தேவையிருக்கவில்லை. ரெக்-ஏ புரதத்தில் கணினி ஒன்றல்ல, இரண்டு பொருத்தம் காட்டியிருந்தது. 67ஆம் எழுத்தில் "ஜி பி ஈ எஸ் எஸ் ஜி கே ரி". கொஞ்சம் தள்ளி 83இல் "ஏ ஏ கியூ ஆர் ஈ ஜி கே ரி". இரண்டும் வாய்பாட்டுக்கு அச்சொட்டாகப் பொருந்துகின்றன. எது உண்மை?

இதற்கிடையில் எண்களும் குழப்பின. ஆய்வுகளில் ரெக்-ஏயின் முக்கிய லைசீனை 72 என்கிறார்கள், எங்கள் கோப்பில் அது 73. நான் ஓர் எழுத்தைக் கூடுதலாக ஒட்டிவிட்டேனோ என்று பயந்தேன். காரணம் வேறு. கலத்துக்குள் முதல் எம் வெட்டி எறியப்படுகிறது. ஆய்வாளர்கள் எஞ்சிய புரதத்தை எண்ணுகிறார்கள், தரவுத்தளம் எம்மோடு சேர்த்து எண்ணுகிறது. இப்படி ஒன்று பிசகினால் முதலில் எம்மைச் சந்தேகியுங்கள்.

சரி, இரண்டு பொருத்தங்களுக்கும் வருவோம். அறிந்த பி-வளையங்களை எல்லாம் கே-யை ஒரே நிரலில் வைத்து அடுக்கினோம். அப்போது வாய்பாட்டுக்கு வெளியே, முதல் ஜி-க்கு முன்னால் வரும் எழுத்துகள் கண்ணில் பட்டன. அடினைலேற்று கைனேசு: எல் எல். மனிதனில்: வி வி. சிந்தேசு அல்ஃபா: ஐ ஐ. பீற்றா: எல் எஃப். ரெக்-ஏ: ஐ வை. எல்லாம் நீரை வெறுக்கும் எழுத்துகள், வை மட்டும் அரைகுறை. அதுதான் புரதத்தின் உள்ளே புதைந்து கிடக்கும் இழை. இழை முடிகிற இடத்தில் சுருக்கு, சுருக்கு முடிகிற இடத்தில் சுருள். நாங்கள் இதைக் கழுத்து என்று கூப்பிடத் தொடங்கினோம். வாய்பாடு தலையை மட்டும் பார்க்கிறது, கழுத்தைப் பார்ப்பதில்லை.

ரெக்-ஏயின் 83ஐக் கழுத்துச் சோதனையில் வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். பார்த்தால் அதற்கு முன்னால் "ஐ ஏ" நிற்கிறது. அதுவும் நீரை வெறுப்பவைதான்! என் சொந்த விதி எனக்கே கால் வாரியது. மருமகளுக்குச் சிரிப்பு.

அதற்கும் வழி கொப்பிதான். ரெக்-ஏக்கு மனிதனில் உறவு முறையில் ராட் 51 என்ற புரதம் உண்டு, 339 எழுத்து. இரண்டையும் அடுக்கினோம். முதல் இடத்தில் ராட் 51 "ஜி ஈ எஃப் ஆர் ரி ஜி கே ரி" என்கிறது, வாய்பாடு அப்படியே தங்கியிருக்கிறது. இரண்டாம் இடத்தில் "ஈ ஜி கே" மட்டும் தங்கி, அடுத்து ரி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. பி-வளையத்தில் கே-க்கு அடுத்து வரும் எஸ் அல்லது ரி-யின் ஐதரொட்சில் மகனீசியம் அயனைப் பிடிக்கும், அதற்கு ஏ உதவாது. பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை வந்த பாதையில் முதலாவதைப் பத்திரமாகக் காத்த இயற்கை, இரண்டாவதில் வாய்பாட்டைக் கைவிட்டிருக்கிறது. 1992இல் வெளியான ரெக்-ஏ பளிங்கு அமைப்பிலும் ஏ.டி.பி. உட்கார்ந்திருப்பது முதலாவதில்தான்.

இந்த அடுக்கை ஒரு தாளில் எடுக்க நகருக்குள் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். கடைப் பையன் திறந்த மென்பொருளில் எழுத்துரு மாறிவிட்டது. ஐ ஒல்லி, டபிள்யூ குண்டு. நிரல்கள் எல்லாம் சரிந்து மஞ்சள் அடித்த கே-க்குக் கீழே கியூ வந்து நின்றது. இருபது பிரதி எடுத்த பிறகுதான் பார்த்தேன். காசு போனது போனதுதான். வரிசை ஒப்பீட்டை அச்சடிக்கும்போது எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட கூரியர் போன்ற எழுத்துருவை வைத்து, பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள்.

மூன்றாம் கிழமை ஆசை கூடிவிட்டது. சீ.டி.கே. 2 என்ற மனிதக் கைனேசையும் ரெக்-ஏயையும் இன்னும் இரண்டையும் கிளஸ்டல் ஒமேகா என்ற, பல வரிசைகளை அடுக்கித் தரும் கருவியில் ஒன்றாகக் கொட்டினேன். அழகான அடுக்கு வந்தது, கீழே ஆங்காங்கே நட்சத்திரக் குறிகளோடு. எனக்கு உடனே சந்தேகம். சீ.டி.கே. 2இன் எழுத்துகளைக் கண்டபடி குலைத்து, குலைத்ததை ரெக்-ஏயோடு பொருத்திப் புள்ளி எடுத்தோம், இருபது தரம். உண்மையான வரிசையின் புள்ளி அந்த இருபதின் நடுவில் எங்கோ கிடந்தது. அதாவது அந்த அடுக்குக்கு ஒரு பொருளும் இல்லை. இந்தக் கருவிகள் எதைக் கொட்டினாலும் அடுக்கித் தரும். உறவு உண்டா என்று கேட்பது எங்கள் வேலை.

"ரெண்டுக்கும் கைனேசு எண்டு தானே பேர்?" என்று அடினைலேற்று கைனேசைக் காட்டிக் கேட்டாள். பெயர் வேலையை, அதாவது பொஸ்பேற்றைக் கைமாற்றுவதைச் சொல்கிறது, வம்சத்தைச் சொல்லவில்லை. சீ.டி.கே. 2 போன்ற புரதக் கைனேசுகளில் பி-வளையமே கிடையாது. அவற்றுக்கு வேறு சுருக்கு: "ஜி ஈ ஜி ரி வை ஜி", ஒன்றுவிட்டு ஒன்று ஜி, பிறகு இரண்டு விட்டு ஜி. கே அதற்குள் இல்லை, கடைசி ஜி-யிலிருந்து பதினேழாவது இடத்தில், எண் 33இல் இருக்கிறது. பி.கே.ஏ. என்ற இன்னொரு கைனேசை எடுத்தோம். அங்கே "ஜி ரி ஜி எஸ் எஃப் ஜி", அதிலிருந்து கே பதினேழாவது இடம். விரல் விட்டு எண்ணி அதே பதினேழு வந்தபோது அவள் போட்ட சத்தத்தில் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இன்னும் கீழே போனால் "எச் ஆர் டி" என்று ஒன்று, பி.கே.ஏ.யில் அது "வை ஆர் டி". அந்த டி-யிலிருந்து பதினெட்டாவது இடத்தில் "டி எஃப் ஜி" தொடங்கும், இரண்டிலும்.

மறுபக்கம், பி-வளையம் இருந்தால் ஏ.ரி.பி. என்றும் சொல்ல முடியாது. ராஸ் என்ற புரதத்தில் 10ஆம் எழுத்திலிருந்து "ஜி ஏ ஜி ஜி வி ஜி கே எஸ்", முன்னால் கழுத்து "வி வி". குறை ஒன்றும் இல்லை. ஆனால் ராஸ் பிடிப்பது ஜி.ரி.பி.யை. 116இல் வரும் "என் கே சி டி" என்ற வேறொரு துண்டு குவானீனை அடையாளம் காண்கிறது. பி-வளையம் பொஸ்பேற்று வாலைத்தான் பிடிக்கிறது, தலை அடினீனா குவானீனா என்று அது பார்ப்பதில்லை.

நாலாம் கிழமை வாய்பாட்டைக் கைவிட்டு, அடுக்கிய ஏழு வரிசைகளிலிருந்து நிரலுக்கு நிரல் எந்த எழுத்து எத்தனை தரம் என்று அட்டவணை போட்டாள். பதினான்காவது கட்டத்து நிரலில் ரி நாலு, எஸ் பூச்சியம், ஜி மூன்று. ராஸைச் சேர்த்தால் எஸ் ஒன்று. இப்படிச் செய்தால் ஜி-யும் உள்ளே வரலாம், ஆனால் கழுத்தும் மற்ற நிரல்களும் சேர்ந்து கை கொடுத்தால்தான் மொத்தப் புள்ளி ஏறும். பெரிய அளவில் இதையே இன்னும் நுட்பமாகச் செய்வதுதான் ஹெச்.எம்.எம்.இ.ஆர். போன்ற கருவிகள். ஏழு வரிசை போதாது, அதுவும் மூன்று ஒரே நொதியம் என்பதால் ஜி-க்கு அளவுக்கு மீறிய செல்வாக்கு. தெரிந்தேதான் செய்தோம்.

கொப்பியில் இன்னும் பதினொரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த கிழமை ஹெக்சோகைனேசை எழுதலாம் என்கிறாள், கலச்சுவாசத்தில் முதல் ஏ.ரி.பி.யைச் செலவழிக்கிற நொதியம் அதுதானே. அதில் பி-வளையமும் இல்லை, பதினேழாவது இடத்துக் கே-யும் இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை.